ஆண்டுதோறும் ஊருக்குப் போயும் தீராத ஏக்கம்

கேள்வி: நான் கோவையைச் சேர்ந்தவள். பெர்த் நகரில் செவிலியராகப் பணிபுரிகிறேன். என் கணவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், ஹடர்ஸ்ஃபீல்டுக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர். 2008இல் வேலைக்காக ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். எங்களுக்கு 12, 9 வயதில் இரு பிள்ளைகள். முன்பெல்லாம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அவருடைய ஊருக்குப் போவோம். 2021 ஜனவரியில் மாமனார் காலமானார். கொரோனாக் கட்டுப்பாடுகளால் நாங்கள் போக முடியவில்லை. இறுதிச் சடங்கைக் கணினித் திரையில் பார்த்தோம். அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் நால்வருமாக மூன்று வாரம் போய்வருகிறோம். மாமியாருக்கு 79 வயது, தனியாக வசிக்கிறார். கணவருடைய தங்கைகள் இருவரும் இங்கிலாந்திலேயே வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். புறப்படும்வரை ஆவலாக இருக்கும் அவர், திரும்பி வந்ததும் வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன குறை என்று கேட்டால், அங்கே கிடைக்கும் சாசேஜ் இங்கே கிடைப்பதில்லை என்கிறார். சேமிப்பு கரைகிறது, என் பெற்றோரைப் பார்க்கக் கோவைக்கு நான் போய் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பிரிட்டனிலிருந்து வந்தவர்கள் வழக்கமாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போவார்கள்? இவர் உண்மையில் எதற்காக ஏங்குகிறார்? நிரந்தரமாகத் திரும்பிவிட நினைக்கிறாரோ என்று அஞ்சுகிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெர்த்

பதில்: அன்புள்ள சகோதரி,

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. தூரமும், செலவும், ஊரிலிருக்கும் பெற்றோரின் வயதும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. ஸ்பெயினின் அலிகாந்தே பகுதியில் குடியேறிய பிரிட்டிஷ்காரர்கள் இரண்டரை மணி நேர விமானப் பயணத்தில் இங்கிலாந்தை எட்டிவிடுவார்கள் என்பதால், பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குக்கூட ஆண்டில் பலமுறை போய்வருகிறவர்கள் அவர்களில் உண்டு. பெர்த்திலிருந்து லண்டனோ ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். 2018 மார்ச்சில் நேரடி விமானம் தொடங்கிய பிறகும் அது பதினேழு மணி நேரப் பயணமாகவே இருக்கிறது. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கியபின் உங்கள் மாமியார் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு மேலும் அரை நாள் வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இங்கிருந்து இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போவதையே நான் அதிகம் பார்க்கிறேன்.

ஆனால் அந்த இடைவெளி வாழ்நாள் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. குடியேறிய புதிதில், வந்தது சரிதானா என்ற ஐயம் தீராத நாட்களில், ஒரு முறை அவசரமாகப் போய்வருவார்கள். பிள்ளைகள் பிறந்ததும் இடைவெளி நீண்டுவிடும். பெற்றோர் எழுபத்தைந்து வயதைத் தாண்டியதும் அல்லது அவர்களில் ஒருவர் மறைந்ததும் அது சட்டெனச் சுருங்கும். இருவரும் மறைந்தபின் பல ஆண்டுகள் போகாமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு; அதுவரை ஊர் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது அம்மாவின் வீட்டைத்தான் என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரியவரும். உங்கள் கணவர் இடைவெளி சுருங்கும் கட்டத்தில் இருக்கிறார். தனியாக வாழும் 79 வயதுத் தாயைப் பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை போகும் மகன் அளவு மீறுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். நால்வரும் ஆண்டுதோறும் போக வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதைப் பிறகு பார்ப்போம்.

ஊருக்குப் போய்வருவதும், போக முடியாமல் தவிப்பதும் இந்த நாட்டின் பிரிட்டிஷ் குடியேறிகளுக்குப் புதியவை அல்ல. நீங்கள் பணிபுரியும் மருத்துவமனையில் நீண்டகாலம் பணியாற்றியவர்களுக்குக் கிடைக்கும் நெடும்பணி விடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விடுப்பின் வேர் 1860களின் காலனி அரசுகளில் இருக்கிறது. பத்தாண்டு வேலை செய்த அரசு ஊழியர் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய், உறவினரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குப் போதுமான காலம் வேண்டும் என்பதற்காகவே அது ஏற்பட்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை என்பதே அன்று தாராளமான சலுகை! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தவர்களின் நிலை அதைவிடக் கடினமாக இருந்தது. 1945இல் தொடங்கி 1982 வரை நடந்த உதவிப் பயணத் திட்டத்தில் பெரியவர்கள் பத்து பவுண்டு மட்டும் செலுத்திக் கப்பலேறினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பினால் பயணச் செலவு முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் கப்பல்கள் பலவும் கொழும்பில் நின்று, பெர்த்தை அடுத்த துறைமுகமான ஃப்ரீமேண்டிலுக்கு வந்து சேரப் பல வாரங்கள் ஆகும். அவ்வாறு வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பலர், நீலநிற விமானத் தபால் தாளில் எழுதிய கடிதத்தின் மூலமாகவே தாய் தந்தையின் மரணத்தை அறிந்தார்கள்.

உங்கள் கணவரின் தலைமுறை அப்படி வரவில்லை. வேண்டும்போது போகலாம் என்ற உறுதியோடுதான் 2008இல் அவர் வந்திருப்பார். அந்த உறுதியை 2020 மார்ச் உடைத்தது. ஆஸ்திரேலியா தன் எல்லையை மூடியதோடு, தன் குடிமக்களும் நிரந்தரக் குடியிருப்பாளர்களும் அரசின் சிறப்பு அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்றும் தடை விதித்தது. வெளியேறும் தடை 2021 நவம்பர் வரை நீடித்தது. பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலமோ 2022 மார்ச் 3 வரை தன் கதவை முழுமையாகத் திறக்கவில்லை. இரக்க அடிப்படையில் அனுமதி பெற்றுப் போனவர்கள்கூட, திரும்பி வருவதற்கு விமானத்தில் இடம் கிடைக்குமா என்று தெரியாமலும், வந்தபின் தம் செலவில் பதினான்கு நாள் விடுதியில் அடைந்து கிடக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டுமே போனார்கள். இரண்டு சிறு பிள்ளைகளின் தந்தை போகாமல் இருந்தது புரிந்துகொள்ளக்கூடியதே.

உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகளை அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். மாமனாரின் மரணத்துக்குப் போக முடியவில்லை என்பது ஒன்று. அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் போகிறோம் என்பது மற்றொன்று. இவை இரண்டையும் இணைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்தவர் ஆண்டுதோறும் போகத் தொடங்கியது, போக முடியாமற்போன அந்த ஒரு பயணத்துக்குப் பிறகுதான். பெர்த்தில் இதே காலத்தில் இதே வகையில் பெற்றோரை இழந்த பிரிட்டிஷ்காரர்கள் பலரோடு பேசியிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் துக்கம் என்ற பேச்சையே எடுப்பதில்லை. விமானச் சீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள், எந்த மாதத்தில் விலை குறையும் என்று ஆராய்கிறார்கள், அடுத்த பயணத்துக்கான தேதியை இப்போதே குறிக்கிறார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இறுதிச் சடங்கு முடிந்தபின், இறந்தவரின் உறவினரும் நண்பரும் ஒரு பப்பிலோ வீட்டிலோ கூடுவார்கள். சாண்ட்விச்சும் தேநீரும் பீரும் இருக்கும். இறந்தவர் செய்த குறும்புகளையும் அவருடைய பிடிவாதங்களையும் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, தேவாலயத்தில் அடக்கிவைத்திருந்த அழுகை சிரிப்போடு கலந்து வெளிவரும். தம்மைப் பற்றிப் பேசக் கூசும் மக்களுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் துக்கம் கொண்டாடும் நேரம். 2021 ஜனவரியில் இங்கிலாந்தில் இறுதிச் சடங்குக்கு முப்பது பேருக்கும், அதற்குப் பிந்தைய கூடுகைக்கு ஆறு பேருக்கும் மட்டுமே அனுமதி இருந்தது. ஆக, உங்கள் கணவர் மட்டுமல்லாமல், உங்கள் மாமனாரின் நண்பர்களும் அண்டை வீட்டாரும்கூட அந்தக் கூடுகையை இழந்திருக்கிறார்கள். திரையில் சடங்கைப் பார்த்து முடித்ததும் அவர் என்ன செய்திருப்பார்? கணினியை மூடிவிட்டு, வெயில் கொளுத்தும் பெர்த்தின் ஜனவரியில் மறுநாள் வேலைக்குப் போயிருப்பார்.

எனவே என் முதல் ஆலோசனை, அடுத்த பயணத்தில் அந்தக் கூடுகையை நடத்துங்கள் என்பதே. மாமனார் வழக்கமாகச் செல்லும் பப் இருந்தால் அங்கேயே ஓர் அறையை ஒரு மாலைக்குக் கேட்கலாம். உள்ளூர் பப்களில் இது வழக்கமானதுதான். நாத்தனார் இருவரிடமும் சொல்லி மாமனாரின் பழைய நண்பர்களை அழைக்கச் சொல்லுங்கள். ஆண்டுகள் பல கடந்துவிட்டனவே என்று தயங்க வேண்டாம். பிரிட்டனில் ஐந்தில் நான்கு பேர் தகனம் செய்யப்படுவதால், போய் நிற்பதற்கு ஒரு கல்லறை பெரும்பாலும் இருப்பதில்லை. மாமனாரின் அஸ்தி எங்கே இருக்கிறது அல்லது எங்கே தூவப்பட்டது என்று கேட்டு, அந்த இடத்துக்கு உங்கள் கணவர் தம் தாயோடு ஒருமுறை போகட்டும். இறந்தவருக்குப் பிடித்த நடைபாதையில் அவர் பெயர் பொறித்த இருக்கை ஒன்றை வைப்பதும் அந்நாட்டு வழக்கம். குடும்பத்தார் விரும்பினால் உள்ளாட்சி அமைப்பிடம் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

இனி சாசேஜ். உங்களுக்கு இது மழுப்பலாகத் தோன்றியிருக்கும்; ஆனால் அவர் சொல்வது உண்மையே. இங்கே கடைகளில் குவிந்திருப்பவை பெரும்பாலும் மாட்டிறைச்சி சாசேஜ்கள். பிரிட்டிஷ் சாசேஜ் பன்றி இறைச்சியில், ரொட்டித் தூளும் மசாலாவும் சேர்த்துச் செய்யப்படுவது. அதுபோலவே, டாஸ்மேனியாவில் தயாராகும் கேட்பரி சாக்லேட் இங்கிலாந்துச் சாக்லேட்டின் சுவையில் இருப்பதில்லை என்பார்கள். ரொட்டியில் தடவி உண்ணும் கருநிற ஈஸ்ட் பசையான மார்மைட்டும் அப்படித்தான். அந்தப் பெயரின் உரிமை இங்கே வேறொரு நிறுவனத்திடம் இருப்பதால், பிரிட்டிஷ் மார்மைட் வேறு பெயரில் விற்கப்படுகிறது. ஆஸ்திரேலியர்களின் ஈஸ்ட் பசையான வெஜிமைட்டை அதற்கு மாற்றாக நீட்டினால் கோபித்துக்கொள்வார்கள். இந்தப் பண்டங்கள் அனைத்தும் பெர்த்தின் வடபகுதியில் ஜூண்டலப்பைச் சுற்றியுள்ள கடைகளில் தேடினால் கிடைக்கும், ஏனெனில் பிரிட்டனில் பிறந்தவர்கள் அங்கே பெருமளவில் வாழ்கிறார்கள். (2021 குடிக்கணக்கின்படி ஆஸ்திரேலியாவில் இங்கிலாந்தில் பிறந்தவர்கள் 9 லட்சத்துக்கும் மேல், வெளிநாட்டில் பிறந்தோரில் அவர்களே பெரிய கூட்டம்.) ஆகவே, பண்டம் மட்டும்தான் குறை என்றால் ஒரு சனிக்கிழமை காலையில் காரில் போய் வாங்கி வந்துவிடலாம். அவர் போவதில்லை என்றால், ஏக்கம் பண்டத்தோடு நிற்கவில்லை என்று பொருள்.

பண்டங்களுக்கு அடுத்தபடியாக அவர்கள் சொல்வது வெளிச்சத்தையும் பருவத்தையும். வெயில் தேடித்தானே இங்கு வந்தார்கள் என்று நாம் நினைப்போம். ஆனால் யார்க்‌ஷயரில் ஜூன் மாதம் சூரியன் மறைவதற்கு இரவு ஒன்பதரை மணிக்கு மேல் ஆகும். அதன்பின்னும் நெடுநேரம் வானம் வெளுத்தே கிடக்கும். இரவு உணவை முடித்துக்கொண்டு பிள்ளைகள் மீண்டும் தெருவுக்கு விளையாட ஓடும் அந்த மாலைகள் பெர்த்தில் கிடையாது. இங்கே கோடையின் மிக நீண்ட நாளிலும் ஏழரை மணிக்குள் சூரியன் விழுந்துவிடும். கோடைகாலத்தில் கடிகாரத்தை முன்னே நகர்த்தும் யோசனையை இம்மாநில மக்கள் 1975, 1984, 1992, 2009 ஆகிய நான்கு வாக்கெடுப்புகளிலும் நிராகரித்துவிட்டார்கள். வசந்தமும் அப்படியே. இலையுதிர்ந்து நின்ற காட்டில் ஏப்ரல் இறுதியில் நீலமணிப் பூக்கள் தரை மறைய விரிவதைப் பற்றி, பூக்களைக் குறித்து வேறெப்போதும் வாய் திறக்காத ஆண்கள் என்னிடம் விவரித்திருக்கிறார்கள். ஆறு மாத இருட்டுக்குப் பிறகு வருவதால்தான் அந்த வசந்தத்துக்கு அத்தனை மதிப்பு. இங்கே எப்போதும் வெளிச்சம் இருப்பதால் எதையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் கணவர் வளர்ந்தது பெனைன் குன்றுகளின் அடிவாரம் என்பதால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் தனியார் பண்ணைகளின் ஊடாகவும் பொதுமக்கள் நடந்து செல்லச் சட்டப்படி உரிமையுள்ள ஒற்றையடிப் பாதைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. வீட்டு வாசலில் இறங்கி, கல் அடுக்கிய வேலிகளைத் தாண்டி, ஆடுகளுக்கு நடுவே நடந்து, அடுத்த ஊர் பப்பில் போய் உட்காருவது அங்கே ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை. கால்பந்தையும் அப்படியே பார்க்க வேண்டும். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டங்களைப் பிரிட்டனுக்குள் நேரலையாக ஒளிபரப்பத் தடை உண்டு. அங்குள்ள தங்கை வீட்டில் பார்க்க முடியாத ஆட்டத்தை இரவு பதினொரு மணிக்கு உங்கள் கணவர் பெர்த்தில் பார்த்துவிட முடியும். ஆனாலும் அவருக்கு அது நிறைவைத் தராது. தந்தையோடு மைதானத்துக்கு நடந்துபோனதும், அரங்கில் வழக்கமாக அருகில் உட்காரும் பெயர் தெரியாத மனிதர் தலையசைத்ததும், தோற்றுவிட்டுத் திட்டிக்கொண்டே திரும்பியதும் திரையில் வருவதில்லை.

இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் தெரிவது, அவர்கள் இழந்ததாக உணர்வது சாதாரண நாட்களைத்தான் என்பதே. விளக்கம் சொல்லாமலே தன் பேச்சுவழக்கும் நையாண்டியும் புரிந்துகொள்ளப்படும் இடத்தில், விசேஷம் எதுவுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையைக் கழிப்பது. நீங்கள் போய்வரும் டிசம்பர்ப் பயணத்தில் அப்படிப்பட்ட நாள் ஒன்றாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் எல்லோரும் பரபரப்பாக இருப்பார்கள். மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். தூரத்திலிருந்து வந்தவர்கள்தான் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத விதி. ஆகவே வாடகைக் காரில் நெடுஞ்சாலைகளில் ஏறி இறங்கி, ஒரு தங்கை வீட்டில் இரண்டு இரவு, மற்றொரு தங்கை வீட்டில் மூன்று இரவு என்று பெட்டியைப் பிரித்தும் கட்டியும், யாரிடமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசாமலே மூன்று வாரமும் தீர்ந்துபோகும். அதற்கு அவர் விடுமுறை முழுவதும் செலவாகிவிடுகிறது. தேடிப்போனது கிடைக்கவில்லை என்பதை அங்கே யாரிடமும் சொல்ல முடியாது; இங்கே, சேமிப்பைச் செலவழித்து உடன் வந்த உங்களிடம் சொல்லவும் அவருக்கு வாய் வராது. திரும்பியபின் நீங்கள் காணும் மௌனத்தில் பெரும்பகுதி இதுதான் என்று கருதுகிறேன்.

பயணத்தின் எண்ணிக்கையை விட்டுவிட்டு வடிவத்தை மாற்றிப் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பள்ளிகளுக்கு ஏப்ரலில் இரண்டு வாரம் விடுமுறை உண்டு. அப்போது இங்கிலாந்தில் வசந்தம் தொடங்கி, மாலை எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும்; ஈஸ்டரை ஒட்டி அங்குள்ள பள்ளிகளும் சில நாட்கள் மூடியிருக்கும் என்பதால் பிள்ளைகள் தம் அத்தை பிள்ளைகளோடு இருக்கலாம்; கட்டணமும் கிறிஸ்துமஸ் காலத்தைவிடப் பொதுவாகக் குறைவு. ஜூலை விடுமுறையில் வெளிச்சம் இன்னும் அதிகம், ஆனால் இங்கிலாந்துப் பள்ளிகள் ஜூலையின் கடைசிப் பகுதியில்தான் மூடுகின்றன. எந்த மாதமானாலும் ஒரே வீட்டில், மாமியாரோடு தங்குங்கள். தங்கைகள் அங்கே வரட்டும். முதல் இரண்டு நாட்களும் கடைசி இரண்டு நாட்களும் எந்த ஏற்பாடும் இல்லாமல் இருக்கட்டும். அம்மாவோடு சந்தைக்குப் போவதும், வீட்டுக் கூரைநீர்க் குழாயைச் சரிசெய்வதும் அவருக்குச் சுற்றுலாவைவிடப் பெரிய ஆறுதலைத் தரும்.

இன்னொன்று, ஆண்டுதோறும் நால்வரும் போக வேண்டியதில்லை. நம் குடும்பங்களில் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு மகன் மட்டும் வந்தால் ஊர் ஏதாவது பேசும் என்ற எண்ணம் உங்களுக்குள் இருக்கலாம். யார்க்‌ஷயரில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். ஓர் ஆண்டு அவர் மட்டும் இரண்டு வாரம் தாயிடம் போகட்டும். அதே ஆண்டு நீங்கள் பிள்ளைகளோடு கோவைக்குப் போங்கள். அடுத்த ஆண்டு நால்வரும் இங்கிலாந்து போகலாம். உங்கள் பெற்றோரைப் பார்க்காமல் இரண்டு ஆண்டுகள் விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். அதைத் தியாகமாக எண்ணிச் சேர்த்து வைத்தால், ஒருநாள் அவருடைய தாயைப் பற்றிய பேச்சிலேயே அது கசப்பாக வெளிவரும். கோவைப் பயணத்துக்கான தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில் இங்கிலாந்துப் பயணத்தைத் திட்டமிடுவதில் எந்தத் தவறும் இல்லை.

நிரந்தரமாகத் திரும்பிவிடுவாரோ என்ற அச்சத்துக்கு வருகிறேன். பத்து பவுண்டு கொடுத்து வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். ஊர் ஏக்கம் அதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. ஆனால் திரும்பியவர்களில் கணிசமானோர் அங்கே இருக்க முடியாமல் மீண்டும் ஆஸ்திரேலியாவுக்கே வந்தார்கள். அவர்களைப் பூமராங் என்றே கேலியாக அழைத்தார்கள். அவர்கள் விட்டுவந்த ஊர் அவர்களுக்காக அப்படியே காத்திருக்கவில்லை. நண்பர்கள் வேறு வாழ்க்கைக்குப் போய்விட்டிருந்தார்கள். வெயிலும் கடலும் பழகிய உடம்புக்கு நவம்பர் மழை தாங்கவில்லை. எனவே ஏங்குவதும் திரும்ப விரும்புவதும் ஒன்றே என்று எண்ணிவிட வேண்டாம். திரும்பும் எண்ணமே இல்லாமல் நாற்பது ஆண்டுகள் ஏங்கியவர்களை எனக்குத் தெரியும்; ஏக்கம் பெரிதாக இல்லாமலே, வேலையின் பொருட்டுத் திரும்பியவர்களையும் தெரியும்.

அவரிடம் நேராகக் கேளுங்கள், ஆனால் பயணத்திலிருந்து வந்த முதல் இரண்டு வாரங்களில் கேட்க வேண்டாம். கிழக்கு நோக்கிப் பறந்து எட்டு மணி நேர வித்தியாசத்துக்கு உடல் பழகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தூக்கமற்றவரிடம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினால், அவர் சொல்லாததையும் நீங்கள் கேட்பீர்கள். சாதாரணமான ஒரு மாதத்தில், இருவரும் நடந்துகொண்டிருக்கும்போது, "அம்மா இல்லாத காலத்திலும் அங்கே போய் வாழ விரும்புவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். தாய்க்காகவா, ஊருக்காகவா என்று அவரே பிரித்துப் பார்க்க அந்தக் கேள்வி உதவும். திரும்பிய பிறகு மௌனம் ஐந்து, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டாலோ, பிள்ளைகளோடும் ஒட்டாமல் இருந்தாலோ, மது அதிகமானாலோ, அதை ஊர் ஏக்கம் என்று விட்டுவிடாமல் குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநலச் சிகிச்சைத் திட்டம் ஒன்றை அவர் எழுதிக்கொடுத்தால், உளவியலாளரைப் பார்க்கும் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏற்கும். நீங்கள் செவிலியர், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் இருக்கும் நோயாளியை நாம்தான் கடைசியாகப் பார்க்கிறோம்.

மாமியாரை இங்கே அழைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை உங்களுக்கு வந்திருக்கும். நிரந்தரமாக அழைக்க வழி குறுகலானது. பிள்ளைகளில் பாதிப் பேராவது, அல்லது வேறெந்த ஒரு நாட்டிலும் இருப்பதைவிட அதிகமானோர், ஆஸ்திரேலியாவில் வாழ வேண்டும் என்பது பெற்றோர் விசாவின் விதி. மூவரில் ஒருவர் மட்டுமே இங்கும், மற்ற இருவர் இங்கிலாந்திலும் இருப்பதால் அது பொருந்தாது. அப்படியே பொருந்தினாலும், பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் இங்கே குடியேறுகிறவர்களுக்கு ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். மூன்று மாதம் தங்கிப்போக வருவது எளிது: பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு அந்தப் பயண அனுமதி கட்டணமின்றிக் கிடைக்கிறது, அவசர மருத்துவத்துக்கு இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தமும் உண்டு. அவருடைய உடல் இடங்கொடுத்தால், யார்க்‌ஷயரின் குளிர்காலம் ஒன்றை அவர் உங்கள் வீட்டில் கழிக்கட்டும்.

கடைசியாக, மாமியாருக்கு உடல்நலம் குன்றும் நாளுக்கான ஏற்பாடு. நமக்கு மரணச் செய்தி வந்தால் அன்றோ மறுநாளோ முகம் பார்க்க ஓட வேண்டும். இங்கிலாந்தில் இறுதிச் சடங்கு பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம் கழித்தே நடக்கும். அதற்கு நிதானமாகப் போய்ச் சேரலாம். ஆகவே உங்கள் கணவர் விரைந்து புறப்பட வேண்டியது நோய் முற்றிய செய்தி வரும்போது, தாய் கண் விழித்துப் பேசும் நிலையில் இருக்கும்போது. தந்தையிடம் கிடைக்காமற்போனது அந்த நேரம்தான் என்பதால், மருத்துவமனையிலிருந்து உறுதியான பதில் வரட்டும் என்று அவர் காத்திருக்க முற்பட்டால் நீங்களே சீட்டு எடுத்துக்கொடுத்து அனுப்பிவையுங்கள். ஆஸ்திரேலியச் சட்டப்படி இத்தகைய நேரத்துக்கான இரக்க விடுப்பு இரண்டு நாள் மட்டுமே; அது போய்த் திரும்பும் பயண நேரத்துக்கே காணாது. ஆண்டு விடுப்பில் இரண்டு வாரத்தை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒருவர் போய்வரும் கட்டணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். பாஸ்போர்ட்களையும் பார்த்துவிடுங்கள். பிரிட்டனில் பிறந்தவரின் பிள்ளைகள் என்ற முறையில் உங்கள் பிள்ளைகள் பிரிட்டிஷ் குடிமக்கள். பிரிட்டிஷ் குடிமக்களுக்கு அந்நாட்டின் மின்னணுப் பயண அனுமதி வழங்கப்படுவதில்லை என்பதால், அவர்களும் தந்தையைப் போல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பதே தொல்லையற்றது. உங்களுக்கு ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் என்றால் அந்த மின்னணு அனுமதி போதும். இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் என்றால் விசா வேண்டும், அது வர வாரங்கள் ஆகும் என்பதால் நீண்டகால விசாவாக இப்போதே விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.